கொண்டை ஊசி வளைவில் கியரைத் தீர்மானிப்பது யார்?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 411 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோயம்புத்தூரிலிருந்து வடக்கே மேட்டுப்பாளையம் வழியாக ஏறினால் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தையும், தெற்கே பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறையையும் அரை நாளுக்குள் அடைந்துவிடலாம். சத்தியமங்கலத்துக்கு அப்பால் திம்பம் மலைப்பாதையில் 27 வளைவுகளும், நாமக்கல் பக்கம் கொல்லிமலையில் 70 வளைவுகளும் இருக்க, கொங்கு நாட்டின் சமவெளியோ தறிக்கூடங்களும் வார்ப்பட ஆலைகளும் லாரிகளும் நெருக்கியடிக்கும் சாலைகளால் ஆனது. ஒரே கார் திங்கள் முதல் வெள்ளி வரை ஊர்ந்தும் ஞாயிற்றுக்கிழமை மலையேறியும் ஆகவேண்டிய இந்த நிலப்பரப்பில், பல ஆண்டுகளாகக் கையால் கியர் மாற்றி ஓட்டிய துடிப்பான காரைக் கொடுத்துவிட்டு, டர்போ எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியும் கொண்ட புதிய காரை எடுக்கலாமா என்ற கேள்விக்கு விளம்பரத் தாளில் உள்ள குதிரைத்திறன் எண் விடை சொல்லாது. அடுத்த நொடிக்கு எந்த கியர் வேண்டும் என்பதை யார், எந்தத் தகவலை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் இரண்டு வண்டிகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு அடங்கியிருக்கிறது.

எண்கள் அறவே பயனற்றவை என்பதில்லை. அவற்றைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. 2006இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிவிக் காரின் 1.8 லிட்டர் எஞ்சின், வெளிக்காற்றைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும் பழைய வகையைச் சேர்ந்தது. அது 132 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 6,300 சுழற்சியிலும், ஏறத்தாழ 172 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையை 4,300 சுழற்சியிலும் தந்தது. 2022இல் வந்த ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ் காரின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினோ 150 குதிரைத்திறனும் 250 நியூட்டன்-மீட்டரும் தருகிறது. குதிரைத்திறனில் உள்ள வேறுபாடு பெரிதன்று. ஆனால் அந்த 250 நியூட்டன்-மீட்டர் 1,600 சுழற்சியிலேயே வந்து 3,500 வரை சமதளம்போல் நிற்கிறது. முறுக்குவிசை என்பது சக்கரத்தைத் திருப்பும் வலிமை, பட்டறைக்காரர்கள் 'இழுவை' என்று சொல்வது. குதிரைத்திறன் என்பது அந்த வலிமையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கிக் கிடைப்பது. பழைய எஞ்சினில் இழுவையின் உச்சம் மேல் சுழற்சியில் இருப்பதால், ஓட்டுநர் கியர் தண்டைப் பயன்படுத்தி எஞ்சினை அங்கே கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும்; அந்த உழைப்பையே பலர் ஓட்டும் இன்பம் என்று கொள்கிறார்கள். டர்போ எஞ்சினில் இழுவை கீழேயே காத்திருக்கிறது, அதாவது காத்திருப்பதுபோல் தோன்றுகிறது.

இந்த இழுவை எங்கிருந்து வருகிறது என்பதைக் கோயம்புத்தூர்க்காரருக்கு விளக்குவது எளிது, ஏனெனில் டர்போவின் முன்பாதி இவ்வூர் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக வார்க்கப்படும் மையவிலக்குப் பம்பின் உடன்பிறப்பு. மோனோபிளாக் பம்பில் இம்பெல்லர் சுழலும்போது, நடுவில் நுழையும் நீர் விளிம்பை நோக்கி வீசப்பட்டு, நத்தைக்கூடு போன்ற உறைக்குள் வேகம் குறைந்து அழுத்தம் கூடி வெளியேறுகிறது. டர்போவில் நீருக்குப் பதில் காற்று, மின்மோட்டாருக்குப் பதில் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையால் சுழலும் ஒரு டர்பைன், நிமிடத்துக்கு 2,880 சுழற்சிக்குப் பதில் ஒரு லட்சத்தைத் தாண்டும் சுழற்சி. வீணாகப் போகும் புகையின் ஆற்றலைக் கொண்டே காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் இந்தக் கருத்துக்கு சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சி 1905இல் காப்புரிமை பெற்றார். அதே 1905இல்தான் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர், ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிகளின் அடிப்படையான டார்க் கன்வெர்ட்டருக்கு வழிவகுத்த நீர்மச் செலுத்துக்குக் காப்புரிமை பெற்றார். இருவருமே கப்பல், மின்நிலையம் போன்ற பெரிய எந்திரங்களை மனத்தில் வைத்திருந்தவர்கள்.

சிலிண்டருக்குள் எரியும் பெட்ரோலின் அளவை முடிவு செய்வது பெட்ரோல் டேங்க் அன்று, உள்ளே வந்த காற்றின் நிறை. அதிகக் காற்றை அமுக்கித் திணித்தால் 1.5 லிட்டர் எஞ்சினும் இரண்டரை லிட்டர் எஞ்சின் போல் நடந்துகொள்ளும். ஆனால் அமுக்கப்படும் காற்று சூடாகும். கோவையின் சித்திரை வெயிலில் 35 டிகிரியில் நுழையும் காற்று, அழுத்தம் 1.8 மடங்காகும்போது 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்து தன் அடர்த்தியை இழப்பதோடு, தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன்பே கலவை தானாக வெடிக்கும் 'நாக்கிங்' என்ற கேட்டையும் வரவழைக்கும் என்பதால், இடையில் ஒரு இன்டர்கூலர் வைத்து அதைக் குளிரவைக்கிறார்கள். வெயிலில் நெரிசலில் நின்று நின்று போகும்போது டர்போ கார் சற்றுச் சோம்புவதற்கு இன்டர்கூலர் மீது காற்று வீசாததும் ஒரு காரணம். எஞ்சினின் கணினி, கேட்டைத் தவிர்க்கத் தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளி இழுவையைக் குறைத்துவிடுகிறது.

மலையில் கணக்கு மாறுகிறது. கோவையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 96 கிலோபாஸ்கல், உதகையில் ஏறத்தாழ 77. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உதகையின் குளிர் காற்றைச் சற்று அடர்த்தியாக்கி இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டினாலும், காற்றைத் தானே உறிஞ்சும் எஞ்சின் ஏறத்தாழ 15 விழுக்காடு இழுவையை இழக்கிறது. சமவெளியில் 172 நியூட்டன்-மீட்டர் தந்தது மேலே 146 அளவில் நிற்கும். டர்போ எஞ்சினுக்கோ இந்த இழப்பு பெருமளவு இல்லை, ஏனெனில் கணினி வெளியழுத்தத்தைப் பாராமல் உள்ளழுத்தத்தையே இலக்காக வைத்து அமுக்கியை இன்னும் வேகமாகச் சுழலவிடுகிறது. இது புதிய கண்டுபிடிப்பன்று. 1918இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ், கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையில் 14,000 அடி உயரத்துக்கு ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை ஏற்றிச் சென்று, டர்போ பூட்டினால் அது சமவெளியில் தரும் ஆற்றலை அங்கும் தரும் என்று காட்டினார். டர்போவின் இளமைக்காலப் பணியே உயரத்தை வெல்வதுதான். சின்ன எஞ்சினைப் பெரிய எஞ்சினாக்கும் வேலை பிறகு வந்தது. ஆக, நீலகிரிக்கு அடிக்கடி போகிறவருக்கு டர்போ பொருத்தமானது என்ற முடிவுக்கு வர இவ்வளவு போதும் என்று தோன்றலாம்.

போதாது, ஏனெனில் மலைப்பாதை என்பது உயரம் மட்டுமன்று, வளைவும்கூட. அமுக்கி தன் இலக்கு அழுத்தத்தை எட்ட அதன் தண்டு முதலில் வேகம் பிடிக்க வேண்டும். அதற்குப் புகை வேண்டும். புகைக்கு எஞ்சின் சுழற்சி வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்த கணத்துக்கும் இழுவை வந்து சேரும் கணத்துக்கும் இடையிலான இந்தத் தாமதமே டர்போ லேக் எனப்படுகிறது. குறிப்பிட்ட சுழற்சிக்குக் கீழே டர்போ அநேகமாக உறங்குகிறது. அப்போது அந்த வண்டி வெறும் 1.5 லிட்டரோ 1 லிட்டரோ கொண்ட சாதாரண எஞ்சின்தான். உதகையின் மெல்லிய காற்றில் இந்த உறக்கம் இன்னும் ஆழமாகிறது, ஏனெனில் அதே உள்ளழுத்தத்தை எட்ட அமுக்கி சமவெளியில் செய்ததைவிடக் கால்பங்கு கூடுதல் அழுத்த விகிதத்தை உண்டாக்கியாக வேண்டும். உச்ச இழுவையில் டர்போ மலையை வெல்கிறது. விழித்தெழும் நேரத்தில் மலை டர்போவை வெல்கிறது.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில், ஆழியாறு அணையைப் பார்க்கும் லோம்ஸ் காட்சிமுனை அமைந்திருக்கும் ஒன்பதாவது வளைவை எடுத்துக்கொள்ளலாம். வளைவு எண்ணையும் மொத்த எண்ணிக்கையையும் சேர்த்து எழுதிய பலகைகள் அந்தப் பாதை நெடுகிலும் உண்டு. வளைவின் உள்விளிம்பில் சரிவு மிகக் கடுமையானது, எதிரே அரசுப் பேருந்து முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பும், வேகம் 15 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் பெரும்பாலான பெட்ரோல் கார்களின் எஞ்சின் இரண்டாம் கியரில் ஏறத்தாழ 1,000 சுழற்சியிலும், முதல் கியரில் 2,000க்கு அருகிலும் இருக்கும். முன்னது டர்போ உறங்கும் இடம், பின்னது அது முழு இழுவையும் தரும் இடம். ஒரே ஒரு கியர் தள்ளி நிற்கிறது 250 நியூட்டன்-மீட்டர். கையால் கியர் மாற்றுகிறவர் பலகையைப் பார்த்ததுமே, பேருந்தின் ஹாரனைக் கேட்டதுமே, வளைவுக்குள் நுழையும் முன் கிளட்சை மிதித்து, ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் தட்டி எஞ்சின் சுழற்சியை உயர்த்தி, கியரை இறக்கிவைத்துக்கொள்கிறார். ஆட்டோமேட்டிக் பெட்டியின் கணினிக்குத் தெரிவதோ மிதியின் நிலை, வேகம், சரிவு, ஸ்டியரிங் கோணம் ஆகியவை மட்டுமே. நடந்து முடிந்ததும் நடந்துகொண்டிருப்பதும் அதற்குத் தெரியும். மூங்கில் புதருக்கு அப்பால் பேருந்து வருகிறது என்பது தெரியாது. வளைவின் நடுவில் ஓட்டுநர் மிதியை அழுத்திய பிறகே அது கியர் இறக்கத் தொடங்குகிறது. கியர் இறங்கும் தாமதமும் டர்போ எழும் தாமதமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடி, ஒரு நொடியோ அதற்கு மேலோ வண்டி சரிவில் அநாதையாக நிற்பதுபோல் தோன்றும். பிறகு இழுவை மொத்தமாக வந்து சேரும், அப்போது ஸ்டியரிங் இன்னும் திரும்பியே இருக்கும்.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயருக்குள் பல வேறு எந்திரங்கள் ஒளிந்திருக்கின்றன. சாதாரண மேனுவல் பெட்டியிலேயே கிளட்சையும் கியர் தண்டையும் மோட்டாரால் இயக்கும் ஏ.எம்.டி. மலிவானது, துடிப்பான காரைக் கொடுத்துவிட்டு அதை எடுப்பவர் வருந்துவார் என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம். டார்க் கன்வெர்ட்டர் வகையில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய கூட்டில் எதிரெதிரே இரு விசிறிகள் இருக்கின்றன; ஒன்று எண்ணெயை வீச, மற்றது அதை வாங்கிச் சுழல்கிறது, நடுவிலுள்ள மூன்றாவது சிறு சக்கரம் எண்ணெயைத் திருப்பிவிட்டு நகரத் தொடங்கும் கணத்தில் முறுக்குவிசையை ஏறத்தாழ இரு மடங்காக்கித் தருகிறது. இரட்டை கிளட்ச் வகையில் ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சிலும் இரட்டைப்படை கியர்கள் இன்னொன்றிலும் பூட்டப்பட்டிருக்கும்; இரண்டில் ஓடும்போதே மூன்று தயாராகக் காத்திருக்கும், ஒரு கிளட்ச் விட்டுக்கொடுக்க மற்றது பிடித்துக்கொள்ள, இழுவை அறாமல் கியர் மாறிவிடும். 1939இல் பிரான்சின் அடோல்ஃப் கெக்ரெஸ் காப்புரிமை பெற்ற இந்தக் கருத்து, 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாகத்தான் பொதுமக்களின் காருக்கு வந்தது. இதன் வேகம் எந்த மனிதக் கையையும் மிஞ்சியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது முன்கூட்டியே எடுத்துவைக்கும் கியர் ஓர் ஊகம். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் போகும்போது திடீரென முதல் கியர் வேண்டுமென்றால், மூன்றும் ஒன்றும் ஒரே கிளட்சில் இருப்பதால், இடையில் இரண்டைத் தொட்டே செல்ல வேண்டியிருக்கும். கொண்டை ஊசி வளைவு கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.

நகரத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் நீளத்தில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025இல் திறக்கப்பட்ட பிறகு மேலே ஓடுகிறவர்களின் பாடு எளிதாயிற்று. லட்சுமி மில்லுக்கும் ஹோப் காலேஜுக்கும் கீழ்ச்சாலையிலேயே போகவேண்டியவர்களின் இடதுகால் மட்டும் இன்னும் பழைய கணக்கில்தான் உழைக்கிறது. ஊர்ந்து செல்லும் ஓட்டுநரின் கிளட்சுக்குள் நடப்பதைக் கணக்கிட்டால், 1,300 கிலோ வண்டியை நின்ற நிலையிலிருந்து 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 5 கிலோஜூல் இயக்க ஆற்றல் வேண்டும். கிளட்ச் நழுவி நழுவிப் பிடிக்கும்போது ஏறத்தாழ அதே அளவு வெப்பமாகக் கிளட்ச் தட்டில் இறங்குகிறது. 200 முறை நின்று கிளம்பினால் அது ஒரு மெகாஜூல். மேனுவலில் இந்த வெப்பத்தோடு வலியும் ஓட்டுநருடையது. இரட்டை கிளட்சில் வலி இல்லை, வெப்பம் உண்டு. வெர்ட்டஸில் உள்ள ஏழு வேக இரட்டை கிளட்ச் பெட்டியின் கிளட்சுகள் எண்ணெயில் மூழ்காத உலர் வகை. அதன் வடிவமைப்பு எல்லை 250 நியூட்டன்-மீட்டர், எஞ்சின் தருவதும் சரியாக அவ்வளவே. அதனால், மேட்டில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடியே வண்டியை நகராமல் நிறுத்திவைக்கும் பழக்கமுள்ளவருக்கு இந்த வகை ஆகாது: 40 நியூட்டன்-மீட்டர் விசையோடு 1,200 சுழற்சியில் நழுவும் கிளட்ச் நொடிதோறும் 5 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது, அதாவது ஒரு கிளம்பலின் முழு வெப்பத்தை ஒவ்வொரு நொடியும். டார்க் கன்வெர்ட்டரில் நழுவுவது எண்ணெய்தான். வெப்பத்தை எண்ணெய் குளிர்விப்பான் எடுத்துச் சென்றுவிடும். நாள்தோறும் நெரிசலில் ஊர்கிறவர் வேகத்துக்கு ஆசைப்படாமல் டார்க் கன்வெர்ட்டரைத் தேர்ந்தால் அது கோழைத்தனமன்று.

ஏற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது கார் ஆர்வலர்களின் குறை. ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தை இழக்கும் 1,300 கிலோ கார், 19 மெகாஜூல் ஆற்றலை எங்காவது கொட்டித் தீர்க்க வேண்டும். 57 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் அது. டயரின் உராய்வு ஏறத்தாழ கால்பங்கை எடுத்துக்கொள்ள, மிச்சம் பிரேக் தட்டுக்கோ எஞ்சினுக்கோ போக வேண்டும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் மூடிக்கொள்ளும் த்ராட்டிலுக்குப் பின்னால் எஞ்சின் வெற்றிடத்தை இழுத்துத் திணறுகிறது. அந்தத் திணறலே எஞ்சின் பிரேக்கிங். அதன் வலிமை சிலிண்டரின் கொள்ளளவையும் சுழற்சியையும் பொறுத்தது என்பதால், ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் மேலே போகும்போது 1.8 லிட்டரைப் போல் இழுத்தாலும் கீழே வரும்போது ஒரு லிட்டராகத்தான் பிடித்து நிறுத்தும். இதை ஈடுகட்ட இன்னும் தாழ்ந்த கியர் வேண்டும். உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 வளைவுகளோடு செங்குத்தாக இறங்கும் கல்லட்டிப் பாதையில், தாழ்ந்த கியரிலேயே இறங்குமாறு பலகைகள் எச்சரிக்கின்றன. பிரேக் சூடேறிப் பிடிப்பிழந்த விபத்துகள் மிகுந்ததால் வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்கத் தடையும் உண்டு. ஆட்டோமேட்டிக் தண்டை 'டி'யிலேயே விட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவருக்கு அந்தப் பலகை பொருளற்றது. சில பெட்டிகள் சரிவை உணர்ந்து கியரைப் பிடித்துவைக்கின்றன, சில எரிபொருள் சேமிப்பை எண்ணி மேல் கியருக்குத் தாவுகின்றன. எதுவானாலும் ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள துடுப்பாலோ தண்டின் கைமுறை நிலையாலோ இரண்டாம் கியரை ஓட்டுநரே கட்டாயப்படுத்திவைப்பதுதான் முறை.

கிளட்ச் மிதி இல்லாவிட்டால் அது ஓட்டமே ஆகாது என்ற வாதத்தைக் கோயம்புத்தூரின் பந்தய வரலாறே பாதி மறுக்கிறது. இவ்வூரின் எஸ். கரிவர்தன் 1988இல் மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கி, எளியவரும் பந்தயத்துக்குள் நுழைய வழி திறந்தார். 1995இல் அவர் மறைந்த பின், செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் ஓடுதளம் அவர் பெயரையே தாங்குகிறது. அத்தகைய சிறு எஞ்சின் கார்களில் சுழற்சியை வீணாக்காமல் கியர் இறக்கும் கலையே வேகம். ஆனால் அதே ஊரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கியபோது, அவர் கையில் இருந்தது ஸ்டியரிங் துடுப்பு; ஓட்டத்தின் நடுவே கிளட்சை மிதிக்கும் வேலை 1989இல் ஃபெராரி 640 கொண்டுவந்த மாற்றத்தால் அந்த உலகிலிருந்து விடைபெற்றுவிட்டது. அங்கே எந்திரம் எடுத்துக்கொண்டது கியரை மாற்றும் தசைவேலையை மட்டுமே. எப்போது மாற்றுவது என்ற முடிவை ஓட்டுநர் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய காரை விற்கத் தயங்குகிறவர் தன் தயக்கம் இவ்விரண்டில் எதைப் பற்றியது என்று பிரித்துப் பார்த்தால், தயக்கத்தின் பாதி கரைந்துவிடக்கூடும்.

பணக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறுவது. ஆனால் ஒரு வேதியியல் கணக்கு எல்லாருக்கும் பொது. இந்திய பங்க்குகளில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்கும். அதே வேளையில் அது நாக்கிங்கை எதிர்ப்பதும் ஆவியாகும்போது குளிர்விப்பதும் டர்போ எஞ்சினுக்குச் சாதகம். இந்தக் கலவைக்கென வடிவமைக்கப்படாத பழைய காரில் எரிபொருள் குழாய்களும் ரப்பர் வளையங்களும் கவனிக்கப்பட வேண்டியவை. பழைய மேனுவலை வைத்துக்கொள்ள முடிவு செய்கிறவர் கிளட்ச் தட்டின் தேய்மானத்தைவிட இவற்றை முதலில் பார்ப்பது நல்லது. ஆண்டில் பெரும்பகுதி நகருக்குள்ளும், மலைக்கு எப்போதாவது குடும்பத்தோடும் போகிறவருக்கு டர்போ ஆட்டோமேட்டிக்கே பொருத்தம். வீட்டில் வேறொரு கார் நகர வேலைக்கு இருக்க, மேனுவல் ஞாயிற்றுக்கிழமைகளில் வால்பாறைக்கும் செட்டிபாளையத்துக்கும் மட்டுமே வெளியே வருமென்றால், நல்ல நிலையில் உள்ள அதைக் கொடுத்துவிட்டு அதே போன்ற ஒன்றை மறுபடி வாங்கச் சந்தையில் தேட வேண்டியிருக்கும் என்பதை எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஷோரூம்கள் சோதனை ஓட்டத்துக்கு வழக்கமாகத் தருவது நகருக்குள் சில கிலோமீட்டர்; அதில் எல்லா டர்போ ஆட்டோமேட்டிக்குகளும் ஒரே மாதிரி மென்மையாகத் தெரியும். வால்பாறைப் பாதையின் நாற்பதில் முதல் சில வளைவுகள் வரையாவது ஏறிப்பார்க்க அனுமதி கேட்டுப் பெறுகிறவர், வளைவுக்கு முன் ஒருமுறை துடுப்பால் கியர் இறக்கியும், அடுத்த வளைவில் 'டி'யிலேயே விட்டும், மிதித்ததற்கும் இழுத்ததற்கும் இடையிலான நேரத்தைத் தன் உடம்பாலேயே அளந்துகொள்ளலாம். திரும்பி இறங்கும்போது இரண்டாம் கியரைக் கேட்டுப் பார்த்து, பெட்டி அதைக் கொடுக்கிறதா, கொடுத்தபின் சுழற்சி ஏறியதும் தானாகவே பறித்துக்கொள்கிறதா என்று கவனிக்கலாம்.